ஏமி ஜான்சன் எப்படி இறந்தார்? நெட்டில் மூன்று விதமாகப் போட்டிருக்கிறார்கள்

மைதிலி_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் பேச்சுப் போட்டி, 5 நிமிடம், "வானத்தை வென்ற பெண்" என்று தலைப்பு. எல்லோரும் கல்பனா சாவ்லாவைத்தான் பேசுவார்கள், நான் வேறு ஆள் பேசுகிறேன் என்று பிரிட்டிஷ் விமானி ஏமி ஜான்சனைப் பிடித்துக்கொண்டாள்.

1930 கதை பிரச்சினையில்லை. இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீன் வியாபாரியின் மகள். லண்டனில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, பைலட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் தனியாக ஆஸ்திரேலியா கிளம்பிவிட்டார். மே 5 இல் லண்டனின் குரோய்டனில் ஏறி மே 24 இல் டார்வினில் இறங்கினார். நடுவே நம் ஜான்சியில் ராணுவப் பரேடு மைதானத்தில் இறங்கி, றெக்கையை உடைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்துகொண்டு மேலே போயிருக்கிறார். இதெல்லாம் என் மகளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

முடிவில்தான் தகராறு. 1941 ஜனவரி 5 இல் தேம்ஸ் முகத்துவாரத்தில் விமானம் கடலில் விழுந்து இறந்தார் என்பது வரை எல்லோரும் ஒன்றாகச் சொல்கிறார்கள். அதற்கு மேல், பனிமூட்டத்தில் வழி தவறி பெட்ரோல் தீர்ந்தது என்று ஓரிடத்தில், பிரிட்டிஷ்காரர்களே சுட்டு வீழ்த்தினார்கள் என்று இன்னோரிடத்தில், காப்பாற்ற வந்த கப்பலின் ப்ரொப்பெல்லரே கொன்றது என்று மூன்றாவது இடத்தில். நடுவர்களில் ஒருவர் வரலாற்று ஆசிரியர். இவள் எதைச் சொன்னால் சரியாக இருக்கும்?

றெக்கை_பெங்களூரு

நல்ல தேர்வு. நான் விமானப் பைத்தியம், கடல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தண்ணீருக்கு மேலே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது அவர் ஏ.டி.ஏ. என்ற அமைப்பில் ஃபர்ஸ்ட் ஆபீசர். ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி என்பது முழுப்பெயர். தொழிற்சாலையில் செய்து முடித்த போர் விமானங்களை விமானப்படைத் தளங்களுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதும், ரிப்பேருக்குப் போகிறதை எடுத்துப் போவதும்தான் அவர்கள் வேலை. யூனிஃபார்ம் உண்டு, ஆனால் படையில் சேர்த்தி இல்லை. பெண்கள் பிரிவு 1940 ஜனவரியில் ஹாட்ஃபீல்டில் எட்டுப் பேரோடு தொடங்கியது. உலகமே அறிந்த ஏமி அந்த எட்டில் இல்லை, சில மாதம் கழித்துத்தான் சேர்ந்தார். சம்பளம் ஆண்களைவிட 20 சதவீதம் குறைவு. 1943 இல்தான் சமம் ஆக்கினார்கள். உங்கள் மகள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கைதட்டு விழும்.

அன்று அவர் ஓட்டியது ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டு. இரட்டை எஞ்சின் பயிற்சி விமானம், எண் வி3540. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உள்ள கிட்லிங்டனுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் வானிலை சரியில்லாமல் பிளாக்பூலில் இறங்கி, அங்கே இருந்த தங்கை வீட்டில் இரவு தங்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் ஸ்குயர்ஸ் கேட் விமானதளத்தில் ஏறினார். வானிலை அப்போதும் மோசம்தான்.

மேப்பை எடுத்துப் பாருங்கள். பிளாக்பூல் மேற்குக் கரையில். அங்கிருந்து கிட்லிங்டன் சுமார் 250 கிலோமீட்டர். அந்த விமானத்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஆனால் அவர் விழுந்தது பிற்பகல் 3:30 வாக்கில், கென்ட் கரையில் ஹெர்ன் பே என்ற ஊருக்கு எதிரே உள்ள கடலில். கிட்லிங்டனைத் தாண்டி 150 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே. மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாக ஆகாயத்தில் இருந்திருக்கிறார்.

இதற்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான். ஏ.டி.ஏ. விமானங்களில் வானொலித் தொடர்பு கிடையாது. யாரிடமும் "நான் எங்கே இருக்கிறேன்" என்று கேட்க முடியாது. மேகத்துக்குக் கீழேயே, தரையைப் பார்த்துக்கொண்டு, ரயில் பாதையையும் ஆற்றையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் விதி. ஏமி எப்படியோ மேகத்துக்கு மேலே போய்விட்டார். போனபின் கீழே இறங்குவதுதான் ஆபத்து. மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும், அதற்குள் குன்று இருக்கும், எதிரி விமானங்களைத் தடுக்க ஊருக்கு ஊர் பலூன் கட்டி எஃகுக் கம்பி விட்டிருப்பார்கள். ஒரு ஓட்டை தெரியாதா என்று தேடித் தேடிப் போயிருப்பார். பெட்ரோல் தீரும் நேரத்தில் பாராசூட்டில் குதித்துவிட்டார். கீழே நிலம் என்றுதான் நினைத்திருப்பார்.

உண்மை_விளம்பி

அரசாங்கம் சொல்வதை அப்படியே ஒப்பிக்கிறீர்கள் றெக்கை. 1999 இல் ஒரு முன்னாள் பீரங்கிப்படைக்காரரே வாய் திறந்து சொன்னாரே. கென்ட் பக்கத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கியில் இருந்தவர். விமானம் ஒன்று வந்தது, அடையாளக் குறி கேட்டோம், இரண்டு முறையும் தப்பாகச் சொன்னது, 16 குண்டு சுட்டோம், மறுநாள் பேப்பரில் பார்த்தபோதுதான் அது ஏமி என்று தெரிந்தது, மேலதிகாரி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். இதெல்லாம் அவர் சொன்னது. அது மட்டுமா, தண்ணீரில் இரண்டாவதாக ஒரு ஆளும் தெரிந்ததாகக் கப்பல்காரர்கள் சொன்னார்கள். யார் அந்த ஆள்? ஒற்றனா? ஏன் அந்த ஆள் பெயர் வெளியே வரவே இல்லை?

றெக்கை_பெங்களூரு

அந்தப் பெரியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஒரு விமானத்தைச் சுட்டிருப்பார். ஆனால் அவர் கதையில் ஏமி வானொலியில் தவறான அடையாளம் சொன்னார் என்று வருகிறது. வானொலியே இல்லாத விமானத்திலிருந்து எப்படிச் சொல்வது? அது 58 வருஷம் கழித்து வந்த நினைவு. வேறு விமானமோ, வேறு நாளோ ஆக இருக்கலாம். நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. பேச்சுப் போட்டியில் நுழைக்காமல் இருப்பது உத்தமம்.

இரண்டாவது ஆள் விவகாரம் எனக்கும் புரியவில்லை. கடல் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நங்கூரம்_தூத்துக்குடி

கடல் தெரிந்தவர் என்று கேட்டதால் வந்தேன். சரக்குக் கப்பல்களில் கேடட்டாகச் சேர்ந்து சீஃப் ஆபீசராக ஓய்வு பெற்றவன். அந்த முகத்துவாரம் வழியாக டில்பரி துறைமுகத்துக்குப் பல முறை போயிருக்கிறேன். விமானத்தைப் பற்றித் தம்பி றெக்கை சொன்னது போதும். ஆனால் இந்தக் கேள்வியை எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். பாராசூட் நல்லபடியாக விரிந்தது. அவர் உயிரோடு தண்ணீரில் இறங்கினார், வாய்விட்டுக் கூப்பிட்டார். குண்டு பட்டதோ பெட்ரோல் தீர்ந்ததோ, அது அவரைக் கடலுக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். இறந்தது கப்பலுக்குப் பக்கத்தில். அதைப் பேசுவோம்.

முதலில் இடம். மார்கேட் முனையைத் தாண்டியதும் நார்த் ஈஸ்ட் ஸ்பிட் என்ற இடத்தில் பைலட், அதாவது கப்பலுக்கு வழிகாட்டுபவர், ஏறுவார். அங்கிருந்து லண்டன் ஆறு வரை இரண்டு பக்கமும் மணல் திட்டு. சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், பார்த்தால் விரல் விரலாக நீண்டு கிடக்கும். நடுவே கால்வாய் மாதிரி ஆழமான பாதை, அதை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர முடியாது. தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. அங்கே ஷீயர்னஸ் பக்கம் பெரிய ஓதத்தில் 5 மீட்டர் ஏறி இறங்கும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும் என்றால் நீரோட்டம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் தடவை போனபோது நான் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று மிதவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்னால் நுரை தள்ளிக்கொண்டு, நங்கூரம் போட்ட பொருள் என்றே தோன்றாமல் எங்கோ ஓடுகிற மாதிரி இருந்தது.

அன்று அங்கே ஒரு கப்பல் கூட்டம், கான்வாய், போய்க்கொண்டிருந்தது. அதில் எச்.எம்.எஸ். ஹேஸில்மியர். பெயருக்குத்தான் போர்க்கப்பல். விமானங்கள் தாழப் பறந்து குண்டு போடாமல் இருக்கக் கான்வாயின் தலைக்கு மேல் பலூனைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்னக் கப்பல் அது. அதன் தலைவர் லெஃப்டினன்ட் கமாண்டர் வால்டர் ஃப்ளெட்சர். பாராசூட் இறங்குவதைப் பார்த்ததும் கப்பலை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

இந்த ஒரு வரியை எல்லோரும் சாதாரணமாகக் கடந்துபோகிறார்கள். போர் தொடங்கிய 1939 இலேயே ஜெர்மன்காரர்கள் அந்த முகத்துவாரத்தில் காந்தக் கண்ணிவெடிகளை விமானத்திலிருந்து போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நவம்பரில் ஷூபரினஸ் சேற்றில் விழுந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் அதன் சூட்சுமத்தையே பிரிட்டிஷ்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். அதனால் வெடி அகற்றிய பாதை என்று ஒன்று இருக்கும், கான்வாய் அதற்குள்தான் போக வேண்டும். அதை விட்டு விலகுவது, அதுவும் மணல் திட்டு உள்ள இடத்தில், பனி கொட்டுகிற நேரத்தில், விழுந்தவர் நம் ஆளா எதிரியா என்றே தெரியாமல். என் தலைமையில் ஒரு கப்பல் இருந்திருந்தால் திருப்பியிருப்பேனா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வராது.

போனார்கள், தரை தட்டியது. தரை தட்டினால் செய்கிற முதல் காரியம் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுவது, நாங்கள் "அஸ்டர்ன்" என்போம். ஏமி அதற்குள் கப்பலின் பின்பக்கத்துக்கு நெருக்கமாக வந்துவிட்டார். சீக்கிரம் வாருங்கள் என்று பெண் குரல் கேட்டதாகக் கப்பலில் இருந்தவர்கள் சொன்னார்கள். அப்போதுதான் அது பெண் என்றே அவர்களுக்குத் தெரிந்தது. கயிறு வீசினார்கள். பிடிக்க முடியவில்லை.

கயிற்றை ஏன் பிடிக்க முடியவில்லை? கப்பலில் வேலைக்குப் போகிற எவரும் பி.எஸ்.டி. கோர்ஸ் படித்தாக வேண்டும், உயிர் தப்பும் பயிற்சி. அதில் குளிர்ந்த தண்ணீருக்கு ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது, தானாக இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அடுத்து ஒரு பத்து நிமிடம்தான் கையும் காலும் உங்களுடையவை. அதற்குப் பிறகு விரலை மடக்க வராது. உடம்பு விறைத்து மயக்கம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதாவது, அறிவு தெளிவாக இருக்கும், கயிறு முகத்துக்கு முன்னால் கிடக்கும், கை மட்டும் மரக்கட்டை. குளிரில் உறைந்து இறந்தார் என்று எழுதுகிறார்கள். உறைவதற்கு நேரமே இல்லை. ஜனவரியில் அந்தக் கடல் 5, 6 டிகிரி. அதுவும் பறக்கிற உடுப்பு, பூட்ஸ் எல்லாம் நனைந்து தொங்கும்.

அன்று அலை பெரிதாக இருந்தது. கப்பலின் பின்பக்கம் மேலே எழும்பி அவர்மேல் இறங்கியதாகவும், அதன்பிறகு அவர் மேலே வரவில்லை என்றும் கப்பலில் இருந்தவர்கள் சொன்னார்கள். 2016 இல் ஹல் நகர ஆய்வாளர் ஒருவர் ப்ரொப்பெல்லர் கதையைச் சொன்னாரே, அதை நான் ஒதுக்க மாட்டேன். காரணம் இருக்கிறது. ஆள் கடலில் விழுந்தால் எங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடமே, எந்தப் பக்கம் விழுந்தானோ அந்தப் பக்கம் சுக்கானைத் திருப்பு என்பதுதான். அப்போதுதான் கப்பலின் பின்பக்கமும் ப்ரொப்பெல்லரும் அவனைவிட்டு விலகிப்போகும். ஆள் பக்கத்தில் வந்துவிட்டால் எஞ்சினை நிறுத்து. ஹேஸில்மியருக்கு அந்த இரண்டுமே முடியவில்லை. தரை தட்டிய கப்பல் திரும்பாது. எஞ்சினை நிறுத்தினால் அடுத்த அலை இன்னும் மேலே தூக்கிப்போடும், கப்பலோடு எல்லோரும் போக வேண்டியதுதான். பின்னோக்கிச் சுழலும்போது ப்ரொப்பெல்லர் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு இழுக்கும். பின்னால் மிதக்கிற எதையும் உள்ளே கொண்டுவரும். ஆக, ப்ரொப்பெல்லர் கொன்றதா, கப்பலின் அடிப்பாகம் தலையில் இடித்ததா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டும் ஒரே ஐந்து மீட்டருக்குள் நடக்கிற விஷயம்.

அதோடு நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு உருவம் மிதப்பதாகத் தெரிந்தது. ஃப்ளெட்சர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே குதித்தார். நீந்தி அதைப் பிடித்தார், கொஞ்ச நேரம் தாங்கிக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். படகு போய் அவரை எடுத்தபோது நினைவில்லை. பிழைக்கவும் இல்லை.

உண்மை விளம்பி தம்பி கேட்ட அந்த இரண்டாவது ஆள் பற்றி. ஏமி தனியாகத்தான் ஏறினார். பிறகு அந்த இடத்தில் அவருடைய பைகளை எடுத்தார்கள். அதை வைத்துத்தான் இறந்தது யார் என்றே தெரிந்தது. பனி, மங்கல் வெளிச்சம், எழும்பி இறங்குகிற தண்ணீர். அப்படிப்பட்ட கடலில் ஒரு பையோ விமானத்தின் கதவுத் துண்டோ தலை மாதிரித் தெரிவது எனக்கு ஆச்சரியமே இல்லை. பகலில், தெளிந்த கடலில், தேங்காய் மட்டையைப் பார்த்து "ஆள்" என்று கத்திய லுக்அவுட்டுகளை எனக்குத் தெரியும். கத்தியதற்காக ஒருவனையும் நான் திட்டியதில்லை. ஒற்றன் கதை வேண்டுமானால் படம் எடுக்க உதவும்.

உண்மை_விளம்பி

அது சரி ஐயா, பை என்றால் அதைப் பிடித்து ஏன் கொஞ்ச நேரம் தாங்கிக்கொண்டிருந்தார்? பை என்று தெரிந்ததும் விட்டிருக்க வேண்டாமா?

நங்கூரம்_தூத்துக்குடி

நியாயமான கேள்வி. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு "தாங்கிக்கொண்டிருந்தார்" என்று தெரிந்தது. உள்ளே இருந்தவர் சொல்ல மிஞ்சவில்லை. முன்னே சொன்ன பத்து நிமிடக் கணக்கு அவருக்கும்தான். மிதக்கிற பொருள் எது கிடைத்தாலும் கை அதைப் பிடிக்கும், அவர் யாரையோ தாங்கினாரா, அது அவரைத் தாங்கியதா? கப்பல் தளத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்குமேல் நீங்கள் ஒற்றன்தான் என்றால் நான் மல்லுக்கு வரவில்லை.

தாம்பரம்_ராகவன்

ஒரு சந்தேகம். 2016 ஜூலையில் இங்கே தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32 வங்கக்கடலில் காணாமல் போனது, 29 பேரோடு. எங்கள் பகுதியில் அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கரணையில் இருக்கும் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி போய், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறல்களைப் படம் பிடித்து, 2024 ஜனவரியில் அது அந்த விமானம்தான் என்று அறிவித்தார்கள். சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல். மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்க முடிகிறது, கரை தெரிகிற இடத்தில், சில மீட்டர் தண்ணீரில் விழுந்த ஏமியின் விமானத்தை இத்தனை வருஷமாக எடுக்க முடியவில்லை என்றால் நம்பும்படி இல்லையே. மறைக்கிறார்களோ என்று எனக்கும் தோன்றுகிறது.

நங்கூரம்_தூத்துக்குடி

ராகவன் தம்பி, ஆழம் குறைவாக இருப்பதுதான் இங்கே இடைஞ்சல். மூன்றாயிரம் மீட்டருக்குக் கீழே இருட்டு, அசைவு குறைவு, விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கும். தேம்ஸ் வாயில் மணல் ஊர்ந்துகொண்டே இருக்கும். திட்டுகள் இடம் மாறும், கால்வாய் தூர்ந்து வேறு பக்கம் திறக்கும். சார்ட்டை விடாமல் திருத்திக்கொண்டே இருப்பார்கள். இன்று தெரிகிற பொருள் அடுத்த வருஷம் மணலுக்கு அடியில்.

அது போக, ஆக்ஸ்ஃபோர்டு பெரும்பாலும் மர விமானம், பிளைவுட். விழுந்த வேகத்தில் உடைந்திருக்கும். எஞ்சின் இரண்டும்தான் கனமான இரும்பு. விமானத்தின் துண்டுகள் அப்போதே கிடைத்தன, அதை யாரும் மறைக்கவில்லை. உடல்தான் கிடைக்கவில்லை. அந்த ஓட்டத்தில் ஜனவரித் தண்ணீரில் உடல் கிடைக்காமல் போவது ஊரறிந்த விஷயம், நம் வேம்பார் மீனவரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்த முகத்துவாரத்தின் அடியில் என்னதான் இல்லை. இரண்டு போரிலும் மூழ்கிய கப்பல்கள், விமானங்கள், கண்ணிவெடிகள். ஷீயர்னஸ் பக்கம் போகும்போது ரிச்சர்ட் மாண்ட்கோமரி என்ற அமெரிக்கக் கப்பலின் பாய்மரக் கம்பங்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். 1944 ஆகஸ்டில் மணலில் ஏறி உடைந்தது. சுமார் 1,400 டன் வெடிமருந்து இன்னும் அதற்குள் இருக்கிறது. எடுத்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து என்று மிதவை கட்டிச் சுற்றி வளைத்துவைத்திருக்கிறார்கள். எங்கள் பைலட் அதைக் காட்டிவிட்டு டீ கேட்டார். பக்கத்திலேயே ஊர், வீடுகள், ஜனங்கள். கண்ணுக்குத் தெரிகிற கப்பலுக்கே இந்த நிலைமை. மரவிமானத்தை யார் தோண்டப் போகிறார்கள்?

மைதிலி_திருச்சி

எல்லோருக்கும் மிக்க நன்றி. நங்கூரம் ஐயா, உங்கள் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கயிறு முகத்துக்கு முன்னால் கிடந்தும் பிடிக்க முடியாது என்ற இடத்தில் "நிறுத்தும்மா" என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் வந்து இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். ஒன்று, உடல் கிடைக்காதவருக்குச் சமாதி எங்கே? இரண்டு, ஃப்ளெட்சருக்கு என்ன மரியாதை செய்தார்கள்?

என் கேள்வி ஒன்றும் உண்டு. 5 நிமிடத்துக்குள் இவ்வளவும் அடங்காது. எதை வெட்டச் சொல்லட்டும்?

றெக்கை_பெங்களூரு

முதல் கேள்விக்கு நான். லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடு என்ற இடத்தில் விமானப்படையினர் நினைவகம் இருக்கிறது. புதைகுழி தெரியாத 20,000-க்கும் மேற்பட்டோர் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதில் அவர் பெயர் ஏமி வி. ஜான்சன் என்று இருக்கும். கணவர் ஜிம் மாலிசனைப் பிரிந்தபின் தன் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார். ஏ.டி.ஏ.காரர்கள் படையில் சேர்த்தி இல்லை என்று முன்னே சொன்னேன் இல்லையா, இறந்தபின் போர் வீரர்களோடு ஒரே சுவரில் வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா போன ஜேசன் விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அந்தப் பெயர் அப்பாவின் மீன் கம்பெனி வியாபாரக் குறியிலிருந்து வந்தது, உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

நங்கூரம்_தூத்துக்குடி

பாப்பாவின் இரண்டாவது கேள்விக்கு. ஃப்ளெட்சருக்கு 1941 மே மாதம் ஆல்பர்ட் பதக்கம் கொடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றப் போய்த் தன்னுயிரைப் பணயம் வைத்தவர்களுக்கான பதக்கம் அது, சண்டையில் காட்டிய வீரத்துக்கானது இல்லை. 1971 இல் ஆல்பர்ட் பதக்கம் வாங்கி உயிரோடு இருந்தவர்கள் எல்லோரையும் அதைவிட உயர்ந்த பதக்கமான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர்களாக உயர்த்தினார்கள். உயிரோடு இருந்தவர்களை மட்டும்.

எதை வெட்டுவது என்று கேட்டீர்கள் மைதிலி அம்மா. மாலிசனை வெட்டுங்கள். ஒற்றனை வெட்டுங்கள். சுட்ட கதைக்கு வேண்டுமானால் ஒரே வரி: பின்னாளில் ஒருவர் அப்படிச் சொன்னார், ஆனால் அந்த விமானத்தில் வானொலி இல்லை. நடுவர் வரலாற்று ஆசிரியர் என்றால் அந்த ஒரு வரிக்கே மார்க் போடுவார். ஜான்சி வேண்டும், சம்பளக் கணக்கு வேண்டும், ஹேஸில்மியர் பாதையை விட்டு விலகியது கட்டாயம் வேண்டும். ப்ரொப்பெல்லர் என்று சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களும் பிள்ளைகள்தானே. "கப்பல் நெருங்கியும் காப்பாற்ற முடியவில்லை" என்று சொன்னால் போதும், அது முழு உண்மை.

வால்டர் ஃப்ளெட்சர் என்ற பெயரைத் தெளிவாக உச்சரிக்கச் சொல்லுங்கள். மேடையில் அவசரத்தில் விழுங்கிவிடுவார்கள்.

மைதிலி_திருச்சி

சரி ஐயா. மாலிசனை வெட்டியாயிற்று, ஒரு நிமிடம் மிச்சமாயிற்று. போட்டி வெள்ளிக்கிழமை.